தண்ணீர் தேங்கும் மேய்ச்சல் தரையில் கோரை: பட்டவர்கள் சொல்லுங்கள்

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து:

எங்களுக்குக் கோரையாற்றுப் பாசனம். ஆற்றுக்கே கோரை என்று பேர் வைத்த ஊரில் இருந்துகொண்டு கோரையைப் பற்றிப் புலம்பக் கூடாதுதான். ஆனாலும் மூன்று வருஷமாகப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மா நிலம், ஏக்கர் கணக்கில் ஒன்று. நெல் கட்டுப்படியாகாமல் மாட்டுக்கென்று விட்டோம். மூன்று கறவை, ஏழெட்டு ஆடு. மேற்கு மூலை பள்ளம். ஐப்பசியில் நின்ற தண்ணீர் தை பிறந்தும் வடியாது. பள்ளத்துக்குள் ஆளுயரத்தில் பாதிக்கு ஒரு கோரை, அதைச் சுற்றி ஈரம் காயாத இடத்திலெல்லாம் கிழங்குக் கோரை. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப்பசேல் என்று புல் மாதிரியே இருக்கும். பூத்தண்டைக் கிள்ளி விரலிடையே உருட்டிப் பாருங்கள், உருளாது. மூன்று பட்டை தட்டுப்படும். மாட்டுக்கு இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், வேறு வழியில்லை என்றால்தான் வாய் வைக்கும்.

முதல் தப்பு, ஈரத்தோடு ரோட்டவேட்டர் விட்டது. அன்றைக்குச் சிரைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. பதினைந்தாம் நாள் முன்பைவிட நெருக்கம். மண்வெட்டியால் ஒரு கொத்து எடுத்துப் பார்த்தேன். கறுப்பாக, பாக்கைவிடச் சின்னதாக, நூலில் கோத்தது போல ஐந்து கிழங்கு. நகத்தால் கீறினால் குளியல் பொடி வாசம். நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குவது இதைத்தான். கோவையாக இருக்கும்வரை பெரும்பாலான கிழங்கு தூங்கும். அறுந்தால் ஒவ்வொன்றும் தனிச் செடி. மணிக்கணக்கில் வாடகை கொடுத்து நானே விதைத்திருக்கிறேன்.

அடுத்த அடி மாட்டுக்கு. மார்கழியில் ஒரு பசுவுக்குப் பால் குறைந்தது, கழிச்சல். ஒருநாள் காலையில் தாடைக்குக் கீழே பை மாதிரி தொங்கியது. கால்நடை மருத்துவர் கண் இமையை இழுத்துக் காட்டினார், வெளுத்துக் கிடந்தது. சாணியைப் பரிசோதித்துவிட்டு ஈரல் தட்டைப்புழு என்றார். தேங்கிய தண்ணீரில் நத்தை இருக்கும். நத்தையிலிருந்து வெளியேறும் குஞ்சுப்புழு புல்லில் ஒட்டிக்கொள்ளும். மேயும்போது மாட்டுக்குள் போய்விடும். ஆக்ஸிக்ளோசனைட் கொடுத்தார், பசு தேறியது. அப்படியே கோரைக்கும் ஒரு மருந்து கேட்டேன். "வடிகால் எங்கங்க இருக்கு?" என்று திருப்பிக் கேட்டார்.

இருந்தது, தூர்ந்துபோய். மாசியில் பக்கத்து வயல்காரரும் நானும் சேர்ந்து இரண்டடி ஆழத்துக்கு வெட்டிவிட்டோம். சித்திரையில் மண் நன்றாகக் காய்ந்தபின் கட்டி புரளும்படி இரண்டு சால் உழுது, கிழங்கை வெயிலில் வதங்க விட்டோம். மழை கிடைத்ததும் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு, ஏக்கருக்கு 20 கிலோ விதை. கோரைக்கு நிழல் ஆகாது. 45 நாளில் மடக்கி உழுதாயிற்று. பள்ளத்தில் எருமைப்புல் கரணை, அதாவது தண்டுத் துண்டு, நட்டோம். தண்ணீர்ப்புல் என்றும் சொல்வார்கள், ஈரத்தைத் தாங்கும். கோ-4 என்கிற கம்பு நேப்பியர் தீவனப்புல்லை அங்கே வைக்காதீர்கள், எனக்கு அழுகிப் போனது.

இப்போது பள்ளத்துக் கோரை பெரும்பாலும் போய்விட்டது. கிழங்குக் கோரை இருக்கிறது, இருக்கும். கார்த்திகை முதல் தை வரை அந்த மூலையை அடைத்துவிடுகிறேன்.

லீட்ரிம், அயர்லாந்திலிருந்து:

அண்ணே, மனைவியின் வேலைக்காக வந்த ஊர் இது. வாடகை வீட்டோடு சேர்ந்த நான்கு ஏக்கரில் பன்னிரண்டு செம்மறி வளர்க்கிறோம். களிமண், வருஷம் முழுக்க மழை. இங்கே தொல்லை கொடுப்பது ரஷ். பார்வைக்குக் கோரை, ஆனால் தண்டு உருண்டை, உள்ளே வெள்ளையாகப் பஞ்சு. அந்தக் காலத்தில் தோலை உரித்துக் கொழுப்பில் தோய்த்து விளக்காக எரித்திருக்கிறார்கள்.

உங்களுக்குக் கிழங்கு என்றால் எங்களுக்கு விதை. மண்ணுக்குள் பல பத்து வருஷம் கிடந்துவிட்டு, கிளறி வெளிச்சம் பட்டதும் முளைக்கிறது. அதனால் உழுவதே இல்லை. ஒருமுறை அறுத்து, தளிர்த்ததும் மறுபடி அறுக்கிறோம். சுண்ணாம்பு போட்டபின் புல்லுக்குத் தெம்பு வந்து கொஞ்சம் எதிர்த்து நிற்கிறது. ஆனால் நினைத்த நேரத்தில் அறுக்க முடியாது. உள்ளானும் கோட்டானும் அதற்குள்தான் கூடு கட்டும். கோட்டான் என்றால் வளைந்த நீள அலகோடு கோடியக்கரைக்கு வலசை வருமே, அதே இனம். குஞ்சு பறக்கும்வரை பொறுக்க வேண்டும். பக்கத்துப் பண்ணைக்காரருக்கு அந்தப் பறவை என்றால் உயிர்; எனக்கு முதல் வருஷம் எரிச்சலாகத்தான் இருந்தது.

தட்டைப்புழு இங்கேயும் அதே கதை. போன குளிர்காலத்தில் இரண்டு ஆடு போயிற்று.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:

நத்தைக்கு நான் கையாள்வது வாத்து. அறுவடை முடிந்து மேய்ச்சலுக்கு வரும் வாத்துக்காரரிடம் சொல்லி இரண்டு நாள் பள்ளத்தில் விட்டேன். நத்தை கண்ணில் படவில்லை, போகும்போது இருபது முட்டையும் கொடுத்தார். ஆனால் வாத்து போனதும் மாட்டை இறக்கிவிடாதீர்கள், புல்லில் ஏற்கெனவே ஒட்டியதை வாத்து ஒன்றும் செய்யாது. நான் அறுத்து வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான் போடுகிறேன்.

நீடாமங்கலம் அண்ணே, எருமைப்புல் கரணை மிச்சம் இருந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.