குக்கிராமத்துக்கு மட்டும் தனியாக மக்கள்தொகை எடுப்பது எப்படி?

கரிசல்காட்டான்:
விருதுநகர் பக்கம். ஒரே ஊராட்சியில் நாலு குக்கிராமம், அதில் எங்களுடையது ஒன்று. மினி அங்கன்வாடி கேட்டு மனு கொடுக்கணும். 2011 சென்சஸில் வருவாய் கிராமத்துக்கு மொத்தமாக ஒரே எண்தான் இருக்கு. அம்மன் கோயில் வரி நோட்டில் 142 தலைக்கட்டு. அதை நாலால் பெருக்கிப் போட்டால் ஏற்பார்களா?

வரப்போரம்:
பெருக்காதீங்க, இரண்டும் வேற கணக்கு. சென்சஸுக்கு ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். தலைக்கட்டு என்பது கல்யாணமான ஆணுக்கு ஒன்று. அண்ணன் தம்பி ஒரே உலையில் சாப்பிட்டால் சென்சஸுக்கு ஒன்று, கோயிலுக்கு இரண்டு. திருப்பூரில் குடியேறி பங்குனிப் பொங்கலுக்கு மட்டும் வருகிறவரும் வரி நோட்டில் இருப்பார். சென்சஸில் 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை முழுக்க வெளியூரில் இருந்தவரை ஊர்க்கணக்கில் சேர்க்கவில்லை.

குறையும் உண்டு. கணவனை இழந்து தனியாக இருக்கும் பெண்ணுக்குப் பல ஊர்களில் அரை வரி, அல்லது வரியே கிடையாது. ஏதோ தகராறில் வரி வாங்காமல் ஒதுக்கி வைத்த குடும்பம் நோட்டிலேயே இருக்காது. அந்த வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்துத்தானே அங்கன்வாடி கேட்கிறீங்க?

நீர்க்கட்டி:
வேலைக்கு ஆகும் வழி இது. வாக்காளர் பட்டியலில் உங்கள் வாக்குச்சாவடிக்கான பாகத்தை இறக்குங்க. முதல் பக்கத்தில் பிரிவு வாரியாகத் தெரு, குக்கிராமப் பெயர் இருக்கும். 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் அதில் வந்துவிடுவார்கள். இறந்தவர்கள், கட்டிக்கொடுத்துப் போன பெண்கள் பெயர்களை நீக்கிவிட்டு, பட்டியலில் ஏறாத மருமகள்களைச் சேர்க்கணும். பிழை அதிகம் வருவது இங்கேதான்.

அடுத்து, இப்போது உங்கள் ஊரைப் பார்க்கிற அங்கன்வாடிப் பணியாளரிடம் குடும்பக் கணக்கெடுப்புப் பதிவேடு இருக்கும். ஆறு வயது வரையிலான குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் விவரம் அதில் கிடைக்கும். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் வீடு வீடாகப் போகத்தான் வேணும். ரேஷன் கார்டை வைத்து எண்ணாதீங்க; ஒரே வீட்டில் இரண்டு கார்டு சர்வசாதாரணம். வீட்டு வரிப் பதிவேட்டில் பூட்டிக் கிடக்கும் வீடும் சேர்ந்தே வரும்.

சமவெளியில் மினி அங்கன்வாடிக்கு 150 முதல் 400 பேர், முழு மையத்துக்கு 400 முதல் 800 என்பது விதிமுறை. ஆகவே 400-ஐத் தாண்டினால் மினி கேட்க வேண்டாம், முழு மையமே கேளுங்க. மனு வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்குப் போகணும்.

கரிசல்காட்டான்:
நன்றி. கிராம சபைத் தீர்மானமும் வைக்கலாமா?

வரப்போரம்:
கட்டாயம் வையுங்க, ஆனால் கோரம் (கூட்டம் செல்ல வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) பாருங்க. ஊராட்சி மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இது மொத்த ஊராட்சிக்கான கணக்கு. உங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் வந்தால் எண்ணிக்கை தேறுவது கஷ்டம், மற்ற மூன்று ஊரிலும் சொல்லி வையுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் சபை உறுப்பினர்.

தீர்மானத்தில் "அங்கன்வாடி வேண்டும்" என்று மொட்டையாக எழுதவிடாதீங்க. குக்கிராமத்தின் பெயர், ஆள் எண்ணிக்கை, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை, இப்போதைய மையம் எவ்வளவு தூரம், நடுவில் ஓடையோ நெடுஞ்சாலையோ இருக்கா என்பதெல்லாம் வரணும். கூட்டம் கலைவதற்குள் தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு நகல் கேளுங்க.