மலையூர்களில் தண்ணீர் பாட்டிலைத் தடை செய்தால் நோய் பரவுமா?

கணக்கன்:
"மலையில் தண்ணீர் 100 டிகிரியை எட்டாமலே கொதித்துவிடும், கிருமி சாகாது. ஆகவே சுற்றுலா ஊர்களில் பாட்டில் தண்ணீரைத் தடை செய்வது ஆபத்து" என்று நேற்று ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 2,000 மீட்டர் உயரத்தில் கொதிநிலை ஏறத்தாழ 93 டிகிரி. பாலைப் பதப்படுத்த 72 டிகிரியில் 15 விநாடி போதும். 93 எங்கே, 72 எங்கே? அரைகுறை இயற்பியலைக் காட்டிப் பள்ளத்தாக்குகளில் பாட்டில் குவிய வழி செய்யாதீர்கள்.

மலைத்தேனீ:
அந்த அன்பர் நான்தான். பெயரைச் சொல்லக்கூட மனமில்லையா? பால் வேறு, ஓடைத் தண்ணீர் வேறு. நான் கேட்பது ஒன்றுதான். 100 டிகிரி வருகிறதா, இல்லையா?

கணக்கன்:
வராது. வரவும் வேண்டாம். 60 டிகிரியைத் தாண்டியதுமே நோய்க்கிருமிகள் சாகத் தொடங்கிவிடும். சமவெளியில் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கவிடச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

மலைத்தேனீ:
மூன்று நிமிடம் ஏன்? 100 இல்லாததால்தானே? உங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

விடுதிக்காரர்:
டிகிரியை விடுங்கள். மூடி உடைக்காத பாட்டிலைத்தான் பயணிகள் நம்புகிறார்கள். கொதிக்கவைத்த தண்ணீரைக் கொடுத்தால் முகம் சுளிக்கிறார்கள். தடைக்குப் பதில் வைப்புத்தொகை வாங்குங்கள், காலி பாட்டிலைத் தந்ததும் திருப்பிக் கொடுங்கள். ஜெர்மனியில் 2003 முதல் பாட்டிலுக்கு 25 சென்ட் வாங்குகிறார்கள்.

கணக்கன்:
குப்பைக் கட்டண விவாதத்தில் "காலி பாட்டிலைச் சேகரிப்பது எங்கள் வேலையில்லை" என்று எழுதியவர் நீங்கள். இன்று ஜெர்மனியைக் காட்டுகிறீர்கள்! திரும்பி வரும் பாட்டிலை யார் நசுக்குவது, யார் மலையிறக்குவது? நசுக்காமல் ஏற்றினால் லாரி முழுக்கக் காற்றுதான் போகும். சிக்கிமின் லாச்சென், கிட்டத்தட்ட 2,700 மீட்டர் உயரத்தில் உள்ள சுற்றுலாக் கிராமம். அங்கே 2012இலேயே பாட்டில் தண்ணீருக்குத் தடை. 2022இல் மாநிலம் முழுவதற்கும் தடை வந்தது. லாச்செனில் தண்ணீர் 91 டிகிரியில் கொதிக்கிறது. 91!

மலைத்தேனீ:
91 என்று நீங்களே கத்துகிறீர்கள். 100 இல்லை. லாச்செனுக்குப் போனவர்களில் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது என்ற கணக்கு உங்களிடம் இருக்கிறதா?

பனிமுகில்:
வடிகட்டியும் புற ஊதா விளக்கும் வைத்தால் கொதிக்கவைக்கவே வேண்டாமே? ஊருக்குள் நாலைந்து இடங்களில் தண்ணீர் நிரப்பும் குழாய் வைத்து, வாரந்தோறும் சோதித்து, முடிவை அங்கேயே ஒட்டட்டும். நம்பிக்கை தானாக வரும். ஓடையில் விழும் பாட்டில் வெயிலில் நொறுங்கித் துகளாகி, கீழே இருப்பவர்களின் குடிநீரில்தான் கலக்கிறது. அந்த ஊர்களைப் பற்றி இங்கே ஒருவருமே பேசவில்லை.

கணக்கன்:
அம்மா, பேச்சைத் திருப்பாதீர்கள். இவர் 93 போதும் என்று ஏற்கட்டும், குழாயைப் பிறகு பார்க்கலாம். 100 டிகிரியிலும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் இருக்கின்றன. இவர் கும்பிடும் 100 அங்கேயும் உதவாது.

மலைத்தேனீ:
ஆகா! கொதிக்கவைத்தாலும் சாகாது என்கிறீர்களா? அதனால்தான் பாட்டில் வேண்டும் என்கிறேன்.

பனிமுகில்:
பேச்சைத் திருப்புகிறேனா? தலைப்பில் தண்ணீர் பாட்டில் என்றுதானே இருக்கிறது, வெப்பமானி என்றா இருக்கிறது?

விடுதிக்காரர்:
சேகரிப்பது எங்கள் வேலை மட்டுமில்லை என்றுதான் அன்று எழுதினேன். 'மட்டும்' என்பதை விழுங்கிவிட்டு என் மேல் பழி போடாதீர்கள்.

கணக்கன்:
உங்களுக்கு அப்புறம் பதில் சொல்கிறேன். மலைத்தேனீ, மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்: 93 பெரிதா, 72 பெரிதா?

மலைத்தேனீ:
100.