மூன்றாவது மாடிச் சுவரில் பெரணி, யார் நட்டது?

சன்ஷேடுவாசி:
சென்னையில் பழைய ஃபிளாட், மூன்றாவது மாடி. பாத்ரூம் ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடும் சுவரும் சேருகிற விரிசலில் ஒரு பெரணி. போன மழைக்குக் கண்ணில் படவே இல்லை, இப்போது முழ நீளத்துக்கு ஏழெட்டு இலை. நடுவில் ஒரே தண்டு, இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி நீள நீளமாக. அடியில் ஓரம் முழுக்கப் பழுப்புக் கோடு, தேய்த்தால் விரலில் தூள் ஒட்டுகிறது. எங்கள் தெருவில் பெரணியைப் பார்த்ததே இல்லை, விரிசலில் ஒரு சிட்டிகை மண் கூட இல்லை. காக்கை எச்சமா? சுவருக்கு ஆபத்தா?

கிணற்றடி:
எச்சத்தில் வருவது அரசும் ஆலும். பெரணியில் பூ, காய், விதை எதுவும் கிடையாது, காக்கைக்குத் தின்ன அதில் என்ன இருக்கிறது? உங்கள் விரலில் ஒட்டிய தூளில்தான் விஷயம். அதிலிருப்பது விதை இல்லை, வித்து (ஸ்போர்), ஒன்று மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். இலைக்கு அடியில் வித்து இருக்கும் குட்டிப் பைகள் காயும்போது வில் மாதிரி பின்னால் வளைந்து, சட்டென்று திரும்பி, கவண் போல வித்தை வீசிவிடும், அப்புறம் காற்று பார்த்துக்கொள்ளும். 1883-இல் கிராகடோவா எரிமலை வெடித்துத் தீவே சாம்பலாகிப்போனது, சுற்றிலும் கடல், மூன்றே வருடத்தில் போய்ப் பார்த்தவர்கள் 11 வகைப் பெரணிகளைக் கண்டார்கள். உங்கள் மூன்றாவது மாடி எம்மாத்திரம்.

ஆனால் விழுந்த இடத்தில் எல்லாம் முளைக்காது. வித்திலிருந்து நேராகப் பெரணி வராது, முதலில் சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னதாக, இதய வடிவில் ஒரு பச்சைத் தகடு வரும். அதில் ஆண் அணு நீந்திப்போய்த்தான் பெண் அணுவைச் சேர வேண்டும், நீந்தத் தண்ணீர் வேண்டும். ஆக, அந்த விரிசல் நாள்கணக்கில் ஈரமாக இருந்திருக்கிறது. ஏசி தண்ணீரோ பைப் ஒழுகலோ, தேடுங்கள். சீப்புப் பல் என்கிறீர்களே, அது டெரிஸ் விட்டாட்டா என்கிற பெரணி வகை மாதிரி தெரிகிறது, சுண்ணாம்பு என்றால் அதற்கு உயிர், பழைய கிணற்றுச் சுவரிலும் கோட்டைச் சுவரிலும் காரைக்குள் வேர்விட்டு நிற்கும்.

மலைச்சந்தை:
கொல்லிமலையில் முடவாட்டுக்கால் சூப் குடித்திருக்கிறேன், அதுவும் பெரணி என்றார்கள். இதையும் சூப் வைக்கலாமா? 😄

கிணற்றடி:
முடவாட்டுக்கால் வேறு வகை. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும், கிழங்கு என்று விற்றாலும் அது ஆட்டுக்கால் மாதிரி ரோமம் மூடிய தண்டுதான். மண் இல்லாத குறைக்கு அது செய்யும் வேலை அழகு: பச்சை இலை தவிர, அடியில் பழுப்பாகக் காய்ந்த கிண்ணம் போல இன்னொரு வகை இலை விடும், சருகும் தூசும் அதில் சேர்ந்து மக்கி உரமாகும். தனக்கு வேண்டிய தொட்டியைத் தானே செய்துகொள்கிறது.

சுவரில் இருப்பதைத் தயவுசெய்து வாயில் வைக்காதீர்கள். டெரிஸ் விட்டாட்டா மண்ணிலிருக்கும் ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும், 2001-இல் புளோரிடாவில் நஞ்சேறிய ஒரு நிலத்தில் வளர்ந்ததை வைத்துக் கண்டுபிடித்தது.

கொத்தனார்_மகன்:
அரசங்கன்று வேர் தடித்துச் சுவரைப் பிளக்கும், பெரணி வேர் நூல் மாதிரி, அந்த அளவுக்குப் பயமில்லை. ஒழுகலை நிறுத்தாமல் செடியை மட்டும் பிடுங்கினால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் இன்னொன்று நிற்கும். முதலில் ஒழுகலை அடையுங்கள், அப்புறம் வேரோடு எடுத்து, விரிசலைச் சுரண்டிப் பூசுங்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பிடுங்குகிற வேலை மட்டும் வேண்டாம்.

சன்ஷேடுவாசி:
மேல் வீட்டு ஏசி பைப் நுனி சரியாக அந்த விரிசலுக்கு மேலே நிற்கிறது, இரவெல்லாம் சொட்டு. பைப்பை நீட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். செடியைத் தொட்டியில் வைக்க ஆசை, பிழைக்குமா?

கிணற்றடி:
பிழைக்கும். மண்ணோடு உடைந்த காரைத் துண்டு நாலைந்து போடுங்கள், வெயில் நேராக அடிக்காத இடமாகப் பாருங்கள்.