மறுபடி பீர் காய்ச்சலாம் என்று இருக்கிறேன், எந்த வகை போடுவது? அவசரம்

மண்டபம் பையன்:
அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். இங்கே வந்து இன்னும் ரெண்டு மாசம் முழுசாக ஆகவில்லை. முன்னாடி சிங்கப்பூரில் இருந்தபோது ரூம் பசங்களோடு சேர்ந்து வீட்டிலேயே பீர் காய்ச்சியிருக்கிறேன். அப்புறம் ஊருக்கு வந்து செட்டில் ஆனதில் அதெல்லாம் விட்டுப்போச்சு. இப்போது எனக்கு முன்னால் இந்த அறையில் இருந்தவர் காலி செய்யும்போது மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, ஏர்லாக் (வாயுவை மட்டும் வெளியே விடுகிற அடைப்பு), ஹைட்ரோமீட்டர் (சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற மிதவை), லாகர் பீருக்கான ஒரு மால்ட் (முளைகட்டிய பார்லிச் சாறு) டப்பா எல்லாவற்றையும் சும்மாவே கொடுத்துவிட்டுப் போனார். பொங்கலுக்கு நம்ம பக்கத்துப் பசங்க நாலைந்து பேர் வருகிறார்கள். பீர் என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தாச்சு.

பிரச்சினை என்னவென்றால், சனிக்கிழமை ஹவுஸ் ஓனர் வீட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறார். அடுப்படி எல்லாருக்கும் பொது. அறை ஒரே குளிர். லாகரா, கோதுமை பீரா, ஸ்டௌட்டா? ஒண்ணும் புரியவில்லை. இதையே நினைத்துக்கொண்டு ராத்திரி தூக்கமும் வரவில்லை. சீக்கிரம் சொல்லுங்கள்.

கீழக்கரை டு தம்மாம்:
தம்பி, எந்த நாடு என்று சொல்லவே இல்லையே? சவூதி, குவைத் பக்கம் என்றால் அந்த வாளியை இன்றைக்கே தூக்கிப் போடு. பிடிபட்டால் ஜெயில், அப்புறம் நேராக விமானம். நான் வந்த புதிதில் ஒரே அறையில் அடுக்குக் கட்டில் போட்டுப் படுத்திருந்தோம். பக்கத்துக் கட்டில்காரன் திராட்சை ஜூஸில் சர்க்கரையும் ரொட்டி ஈஸ்ட்டும் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தான். ராத்திரி மூடி தெறித்த சத்தத்தில் மொத்த அறையும் எழுந்து உட்கார்ந்தது. அவனோடு சேர்த்து எங்களையும் கொண்டுபோவார்கள் என்று விடியும்வரை ஒருத்தரும் கண் மூடவில்லை. சம்பாதிக்க வந்த இடத்தில் இந்த வேலை எதற்கு?

பிரிஸ்பேன் தேவிபட்டினம்:
அண்ணே, அறை குளிர் என்கிறான். தம்மாமில் ஏது குளிர்?

தம்பி, லாகரை மறந்துவிடு. குவைக் என்று ஒரு ஈஸ்ட் இருக்கிறது, நார்வே பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தது. முப்பது டிகிரியைத் தாண்டினாலும் கெட்ட வாசம் வராது. மூன்று நான்கு நாளில் வேலையை முடித்துவிடும். நான் இங்கே முதல் கோடையில் கராஜில்தான் குடியிருந்தேன், வாடகை அப்படி. கூரை தகரம். சித்திரை மாதம் ஏர்வாடி பஸ் ஸ்டாண்டில் நின்ற மாதிரி இருக்கும். அதிலேயே குவைக் போட்டு பேல் ஏல் என்ற வெளிர்நிற பீர் எடுத்தேன். நல்ல ஆரஞ்சுப்பழ வாசம்.

முன்சென் பாம்பன்காரன்:
குளிர் அறை என்று சொல்பவனுக்கு வெயில்கால ஈஸ்ட்டைச் சொல்கிறீர்களே! தம்பி, நீ கோதுமை பீர் போடு. பாதிக்கு மேல் கோதுமை மால்ட், மீதி பார்லி, கசப்புக்குக் கொஞ்சம்போல ஹாப்ஸ் பூ. வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் ஈஸ்ட்டிலிருந்தே வரும், நாம் ஒன்றும் சேர்க்க வேண்டாம். கலங்கலாக இருந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நான் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. அப்போது கைகொடுத்தது இந்த பீர்தான்.

சாயல்குடி வாத்தியார்:
நான் வெளிநாடு போனவன் இல்லை, மகன் அங்கே இருப்பதால் இதைப் படிக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். எங்கே பார்த்தாலும் பனை நிற்கிற ஊரில் பிறந்துவிட்டு பார்லித் தண்ணிக்கு இந்தப் பாடா? பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் போதும், இறக்கும்போதே நுரைத்துக்கொண்டு நிற்கும். எந்த ஈஸ்ட்டையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். 1987-லிருந்து இங்கே கள்ளுக்குத் தடை. கேரளாவில் கடை போட்டே விற்கிறார்கள். நமக்கு டாஸ்மாக். பனையேறத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள். சரி, என்ன சொல்லி என்ன. தம்பி, அந்த பீரில் நம்ம கருப்பட்டியையாவது கொஞ்சம் போடு.

முன்சென் பாம்பன்காரன்:
வாத்தியாரே, வணக்கம். ஆனால் கருப்பட்டி கூடாது. இங்கே ஜெர்மனியின் பவேரியாவில் 1516-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்: பார்லி, ஹாப்ஸ், தண்ணீர், அவ்வளவுதான்.

சாயல்குடி வாத்தியார்:
அப்புறம் நீங்கள் எப்படிக் கோதுமை பீர் குடிக்கிறீர்கள்?

பிரிஸ்பேன் தேவிபட்டினம்:
ஹாஹா. பாம்பன் அண்ணன் இனி ரெண்டு நாளைக்கு இந்தப் பக்கம் வர மாட்டார்.

கீழக்கரை டு தம்மாம்:
ஹவுஸ் ஓனர் என்றதும் ஞாபகம் வருகிறது. என் மச்சான் கனடாவில் நம்ம ஆள் வீடு என்று நம்பிக் குடிபோனான். ஒரு நாள் கருவாடு வறுத்தானாம். மறுநாளே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவரும் கடற்கரைக்காரர்தான், அந்த வாசத்தில் வளர்ந்தவர்தான். வெளிநாட்டில் நாலு காசு பார்த்ததும் மூக்கும் மாறிவிடுகிறது போல.

பிரிஸ்பேன் தேவிபட்டினம்:
அதை ஏன் கேட்கிறீர்கள். எனக்கு அட்வான்ஸ் பணம் இன்னும் திரும்பி வரவில்லை. கார்பெட்டில் கறை என்றார். அந்தக் கறை நான் போவதற்கு முன்னாடியே இருந்தது, போட்டோவே வைத்திருக்கிறேன்.

மண்டபம் பையன்:
அண்ணே, என் விஷயத்துக்கு வாங்க. டப்பாவோடு வந்த ஈஸ்ட் பாக்கெட்டைப் பார்த்தேன், தேதி எப்போதோ முடிந்துவிட்டது. அப்போ எல்லாம் வீணா?

தொண்டி அக்கா:
வீணாகாது தம்பி. நான் நாலு கேள்வி கேட்கிறேன், அதற்குப் பதில் சொல். எந்த ஊரில் இருக்கிறாய்? தண்ணீர் காய வைக்கிற கெட்டிலைத் திறந்து பார், உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? ராத்திரி அறையில் எத்தனை டிகிரி? உன்னிடம் இருக்கிற பெரிய பாத்திரத்தில் எத்தனை லிட்டர் பிடிக்கும்?

மண்டபம் பையன்:
லண்டன் அக்கா, ஈஸ்ட் ஹாம் பகுதி. கெட்டிலில் அடியெல்லாம் வெள்ளைதான், ஸ்பூனால் சுரண்டினால் தகடு தகடாக வருகிறது. ஊரில் போர்த் தண்ணி காய வைக்கிற குண்டான் இப்படித்தான் இருக்கும். ராத்திரி 16, ஹீட்டர் ஓடினால் 18, 19. பாத்திரம் எட்டு லிட்டர்.

தொண்டி அக்கா:
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இவர்கள் உன்னை இத்தனை ஊர் சுற்ற வைத்திருக்க மாட்டார்கள்.

நீ போர்ட்டர் போடு. கறுப்பு பீர், ஸ்டௌட்டுக்கு அண்ணன் முறை. காரணம் அந்த வெள்ளைப் படிவுதான். லண்டன் தண்ணீர் சுண்ணாம்புப் பாறை வழியாக வருகிறது, பைகார்பனேட் அதிகம். வெளிர்நிற பீருக்கு அது ஆகாது, கசப்பு நாக்கில் முரடாக நிற்கும். கறுக்க வறுத்த மால்ட்டில் புளிப்புத்தன்மை உண்டு, தண்ணீரின் காரத்தன்மையை அது சமன் செய்துவிடும். 18-ஆம் நூற்றாண்டில் போர்ட்டருக்கு லண்டன் பேர்போனதற்கு இந்தத் தண்ணீரும் ஒரு காரணம். பில்ஸ்னர் என்ற வெளிர்நிற லாகர் பிறந்த, செக் நாட்டு பில்சன் ஊரில் தண்ணீர் ரொம்ப மென்மை. அதை ஈஸ்ட் ஹாம் குழாயில் தேடாதே.

லாகர் ஏன் வேண்டாம் என்றால், அதற்கு 10, 12 டிகிரி வேண்டும், பிறகு வாரக்கணக்கில் குளிரில் வைக்க வேண்டும். பொங்கலுக்குள் ஆகாது. போதாக்குறைக்கு லாகர் ஈஸ்ட் புளிக்கும்போது அழுகிய முட்டை மாதிரி கந்தக வாசம் அடிக்கும். பொது அடுப்படி உள்ள வீட்டில் அது தேவையா?

இருபது லிட்டர் வேண்டாம், பத்து போதும். சாக்லேட் மால்ட் (நிறம்தான் சாக்லேட், கறுக்க வறுத்த மால்ட்) 150 கிராம், கிரிஸ்டல் மால்ட் 150 கிராம், இரண்டையும் உடைத்து வாங்கி ஒரு வெள்ளைத் துணியில் தளர்வாகக் கட்டு. மூன்று லிட்டர் தண்ணீர் 68 டிகிரி வந்ததும் மூட்டையை அதில் அரை மணி ஊறவிடு. கொதிக்க விடாதே, துவர்ப்பு இறங்கிவிடும். துணியை எடுத்துவிட்டு ஐந்து லிட்டருக்குத் தண்ணீர் சேர். உலர்ந்த மால்ட் மாவு ஒரு கிலோ இருநூறு கிராம். அடுப்பை அணைத்துவிட்டுக் கட்டி தட்டாமல் கரை, பிறகு மறுபடி பற்ற வை. நுரை பொங்கும், பக்கத்திலேயே நில். ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் என்ற ஹாப்ஸ் வகை 25 கிராம் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கட்டும். ஜன்னலைத் திறந்து வை, இல்லாவிட்டால் சுவரெல்லாம் ஈரம் கட்டும், ஓனர் அதைத்தான் முதலில் பார்ப்பார். பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்று. முந்தின நாளே காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சேர்த்து வாளியில் பத்து லிட்டராக்கு. இருபது டிகிரிக்குக் கீழே வந்ததும் எஸ்-04 ஈஸ்ட் அரை பாக்கெட். பழைய டப்பாவைத் தொடாதே.

சட்டத்தைப் பற்றிக் கவலைப்படாதே. பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச லைசென்ஸ் வேண்டாம். வந்த பசங்களிடம் காசு மட்டும் வாங்காதே, விற்றால் கதையே வேறு. வாடகை ஒப்பந்தத்தை ஒரு தடவை படித்துப் பார், ஓனரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடு. சனிக்கிழமை அவர் வந்துபோகும்வரை எதையும் அடுப்பில் ஏற்றாதே.

பிரிஸ்பேன் தேவிபட்டினம்:
எல்லாம் சரி அக்கா, ஆனால் குவைக் போட்டால் ஒரு வாரம் மிச்சமாகும்.

தொண்டி அக்கா:
16 டிகிரியில் அது சுருண்டு தூங்கிவிடும் தம்பி.

மண்டபம் பையன்:
ரொம்ப நன்றி அக்கா. அம்மா கொடுத்துவிட்ட கருப்பட்டி இருக்கிறது, போடலாமா? அப்புறம் பாட்டில் வெடிக்காமல் இருக்க என்ன செய்வது? தம்மாம் அண்ணன் கதையைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது.

தொண்டி அக்கா:
கருப்பட்டி 150 கிராமுக்கு மேல் வேண்டாம். தட்டிப்போட்டு, வெந்நீரில் கரைத்து, மண் அடியில் தங்கியதும் வடிகட்டி, கொதி முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது ஊற்று. அதில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரை, ஈஸ்ட் தின்றுவிடும். இனிப்பு நிற்காது, மணம் கொஞ்சம் தங்கும்.

வெடிப்பதற்குக் காரணம் அவசரம். ஏர்லாக்கில் குமிழி நின்றதும் முடிந்துவிட்டது என்று நினைக்காதே. ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார், மூன்று நாள் ஒரே எண் காட்ட வேண்டும். 1.050-இல் ஆரம்பித்தால் 1.013 பக்கம் வந்து நிற்கும், ஐந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சாராயம். இதற்கு ரெண்டு வாரம் வைத்துக்கொள். பிறகு பாட்டிலில் நுரை ஏற, மொத்தத்துக்கும் 50 கிராம் சர்க்கரை, கொதிக்க வைத்த கொஞ்சம் தண்ணீரில் கரைத்துச் சேர். கண்ணாடி பாட்டில் வேண்டாம், காலியான சோடா பிளாஸ்டிக் பாட்டிலே போதும். அமுக்கிப் பார்த்தால் கல்லாக இருக்கும்போது காற்று ஏறிவிட்டது என்று தெரியும். அலமாரிக்குள் இருட்டில் ரெண்டு வாரம், அறைச் சூட்டிலேயே இருக்கட்டும். இப்போது நவம்பர் கடைசி, பொங்கலுக்கு முன்னாடியே தயார்.

மண்டபம் பையன்:
அக்கா, வாளியின் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். திருகுக்குள்ளே பழுப்பாகப் பசை மாதிரி ஒட்டியிருக்கிறது. வாளிக்குள்ளேயும் கீறல்கள்.

தொண்டி அக்கா:
கீறலுக்குள் இருக்கிற கிருமியை எந்த மருந்தாலும் முழுசாக எடுக்க முடியாது. வாளியும் குழாயும் புதுசு வாங்கு, பத்து லிட்டர் பீர் புளிப்பதை விட அது மலிவு. ஏர்லாக்கும் ஹைட்ரோமீட்டரும் கழுவினால் போதும். ஸ்டார் சான் என்ற கிருமிநாசினி ஒரு சின்ன பாட்டில் வாங்கி, அதில் போட்டிருக்கிற அளவுக்குத் தண்ணீரில் கலந்து, ஆறிய பீரைத் தொடுகிற எல்லாவற்றையும் அதில் நனை. நுரை இருந்தால் அலசாதே, அப்படியே ஊற்றலாம்.