வெட்டித் தந்த ஆறு குளிசை

கொக்குவிலான்:
நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு மகனுக்குத் தொண்டை நோ, அந்த வருடம் நாலாவது தரம். நேரே பாமசிக்குப் போய் அமொக்சிசிலின் என்ற பெனிசிலின் வகை அன்ரிபயோட்டிக் கேட்டேன். அங்கே நின்ற தம்பி டொக்டரின் சிட்டை கேட்கவில்லை, "எத்தனை?" என்றுதான் கேட்டார். ஆறு என்றேன், கத்தரியால் குளிசை அட்டையை நறுக்கித் தந்தார். இரண்டாம் நாள் பின்னேரமே பெடியன் மட்டையோடு ஓடிவிட்டான், மிச்சம் அலுமாரிக்குள். ஐந்தாம் தரம் நோ வந்து டொக்டரிடம் போனபோது முன்பு கொடுத்ததைக் காட்டச் சொன்னார். பையைக் கவிழ்த்தேன், நாலு வெட்டின துண்டு, ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு குளிசை. அவர் ஏசவில்லை, மேசையில் வரிசையாக வைத்து மெதுவாக எண்ணினார். ஏசியிருந்தால் பரவாயில்லை. கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது போல.

சுன்னாகம் அக்கா:
இதுக்குத்தான் நான் அன்ரிபயோட்டிக் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. கொத்தமல்லி அவித்துக் குடித்தால் ஒரு கிழமையில் எல்லாம் போய்விடும்.

பழைய லாப்காரன்:
அக்கா, "எல்லாம்" என்று சொல்லாதேங்கோ. என் மச்சாளுக்குச் சின்ன வயதில் தொண்டை நோவைக் கவனிக்காமல் விட்டு வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வைப் பிடித்தது. பல வருடம் மூன்று நாலு கிழமைக்கு ஒருக்கால் பெனிசிலின் ஊசி, ஊசி நாள் என்றால் காலையிலேயே கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்துவிடுவாள்.

கொக்குவில் அண்ணை, உங்கள் கணக்கும் பிழை. தொண்டையைப் பிடிக்கிற குழு ஏ ஸ்ட்ரெப்டோகொக்கஸ் (சுருக்கமாக ஸ்ட்ரெப்) இன்றுவரை பெனிசிலினுக்கு மசிகிற கிருமிதான், அது எதிர்த்து நிற்கப் பழகியது அசித்ரோமைசின் வகை மருந்துகளை. மகனுக்குத் திரும்பத் திரும்ப வந்தது பெரும்பாலும் வைரஸாக இருக்கும், அதற்கு அமொக்சிசிலின் கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்று. ஆனால் விழுங்கிய குளிசை சும்மா போகாது, குடலில் இருக்கிற ஈ. கோலை போன்ற கிருமிகள் பழகிக்கொள்ளும், பிறகு அவற்றால் சலக்கடுப்பு வந்து மருந்து கேட்காதபோதுதான் தெரியும். ஆகவே தொண்டையில் பஞ்சால் தொட்டெடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் போடச் சொல்லுங்கோ, ஒன்றிரண்டு நாளில் முடிவு வரும். ஸ்ட்ரெப் என்றால் பெனிசிலின் வழமையாகப் பத்து நாள், இடையில் சுகமானாலும் நிறுத்தக்கூடாது. ஒரே வருடத்தில் ஏழு தரம், இல்லாவிட்டால் இரண்டு வருடம் தொடர்ந்து ஐந்தைந்து தரம், மூன்று வருடம் தொடர்ந்து மும்மூன்று தரம் வந்தால்தான் வழமையாக ரொன்சில் வெட்டுகிற கதை, ஒரு வருடத்து ஐந்துக்கே பயப்படாதேங்கோ.

கொக்குவிலான்:
ரொன்சில் பற்றி நான் கேட்கவே இல்லையே. சரி, அந்த மிச்சக் குளிசையை என்ன செய்வது? மனிசி கிணற்றடியில் கொட்டுவோம் என்கிறா.

பழைய லாப்காரன்:
ஐயோ, அங்கே மட்டும் வேண்டாம். கீழே சுண்ணாம்புக் கல், ஊற்றினது நேரே கிணற்றுக்குத்தான் போகும்.