புதுப்பிப்பு: கருப்பனின் அரிப்பும் நம்ம வீட்டு மாத்திரையும்

எங்க நாய் கருப்பன் விடாமல் காலை நக்குறான், வீட்டில் இருக்கும் அலர்ஜி மாத்திரை செட்ரிசின் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தேனே, சுங்கை சிப்புட்டில் மிருக டாக்டரிடம் காட்டியாச்சு. கொடுக்கலாமாம். கிலோவுக்குச் சுமார் 1 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒரு தடவை; இவன் 10 கிலோ, ஆக 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. கிட்னி கோளாறு உள்ள நாய்க்கு அளவு வேறு, கேட்டுத்தான் கொடுக்கணும்.

ஆனால் பெட்டியைத் திருப்பிப் படிங்க. மூக்கடைப்புக்காக சூடோஎபெட்ரின் சேர்த்திருந்தால் தொடவே வேண்டாம். நாய்க்கு வலிப்பு வரும், உயிரே போகலாம். சிரப்பும் வேண்டாம், சிலதில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்த்திருக்கும், அதுவும் நாய்க்கு விஷம்.

மாத்திரை போட்டதும் ஐயா தூங்கி வழிகிறார், அரிப்பு பாதிதான் அடங்கியது. மீதிக்குக் காரணம் விரலிடுக்கில் கொழுத்துக் கிடந்த உண்ணி! செம்பனைத் தோட்டத்துக்குள்ளேயே சுற்றினால் ஏறாமல் என்ன செய்யும்? அதற்குத் தனி மருந்து கழுத்தில் ஊற்றியாச்சு. அம்மா மட்டும் இன்னும் மஞ்சள் அரைத்துக்கொண்டுதான் இருக்காங்க.