பட்டியல்ல பத்து டீம் இருந்தா எஸ்.ஈ.சி. பெரிய ஆளா?

கொலம்பஸ்_குமரன் (ஆகஸ்ட் 19, 2025)
அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல எஸ்.ஈ.சி. பலமா, எங்க பிக் டென் பலமாங்கிறதுதான் வழக்கு; ரெண்டும் காலேஜ் டீம்கள் சேர்ந்து ஆடற கான்ஃபரன்ஸ். பக்கத்து இழையில டெக்சஸ் ரசிகர் அண்ணாச்சி ஒரு வரி போட்டுட்டுப் போயிருக்கார்: "ஏ.பி. பட்டியல்ல எங்க கான்ஃபரன்ஸ் பத்து டீம். டெக்சஸ் நம்பர் 1. இதுக்கு மேல என்ன பேச்சு?"

இருக்கு. அது பத்திரிகைக்காரங்க ஓட்டுப் போட்டு டீம்களை வரிசைப்படுத்தற பட்டியல், 11-ம் தேதி வந்தது. இன்னும் ஒரு உதை விழல. போன சீசன் கடைசியில எங்க டீம்கள் எஸ்.ஈ.சி. டீம்களை நிஜமா ஆடி ஜெயிச்சதைப் பாருங்க: மிச்சிகன் அலபாமாவை 19-13, இல்லினாய் சவுத் கரோலினாவை 21-17, யு.எஸ்.சி. டெக்சஸ் ஏ அண்ட் எம்மை 35-31, நாங்க, அதாவது ஓஹயோ ஸ்டேட், டென்னஸியை 42-17, அப்புறம் உங்க டெக்சஸையே 28-14. ஆறு மேட்ச்ல உங்க மிசௌரி மட்டும் எங்க அயோவாவை மூணு பாயின்ட்ல ஜெயிச்சுது. 2023 மிச்சிகன், 2024 ஓஹயோ ஸ்டேட். ரெண்டு வருஷமா கோப்பை பிக் டென் வீட்டு அலமாரியில இருக்கு. பெருங்காயம் வச்ச டப்பாவை இன்னும் எத்தனை நாள் மோந்து பார்ப்பீங்க?

ஆஸ்டின்_அண்ணாச்சி
28-14ன்னு எழுத கை கூசலையா தம்பி? கடைசி நிமிஷங்கள்ல ஸ்கோர் 21-14. பந்து எங்க கையில. உங்க கோட்டுக்கு ஒரு யார்டு. ஃபர்ஸ்ட் அண்ட் கோல், அதாவது கோட்டைத் தாண்ட நாலு டவுன், நாலு வாய்ப்பு. ஒரே ஒரு யார்டு.

முதல் டவுன், நடுவுல ஓடினோம், ஒண்ணும் கிடைக்கல. ரெண்டாம் டவுன்ல எங்க கோச் சார்கிசியன் டாஸ் (ரன்னருக்குப் பந்தைப் பக்கவாட்டுல தூக்கிப் போடறது) கூப்பிட்டார், ஏழு யார்டு பின்னாடி போனோம். மூணு, பாஸ் தரையில. நாலாம் டவுன் எட்டு யார்டுல இருந்து. உங்க சாயர் எங்க க்வார்ட்டர்பேக் (பந்தை வீசற ஆள்) யூவர்ஸைப் பிடிச்சு, பந்தைத் தட்டி, 83 யார்டு ஓடிட்டார். அந்த டாஸைக் கூப்பிடாம இருந்தா 21-21. தோற்கடிச்சது நீங்க இல்ல, எங்க ப்ளே ஷீட் (கோச் பார்த்து ஆட்டம் கூப்பிடற தாள்).

கொலம்பஸ்_குமரன்
ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். முதல் டவுன்ல நடுவுல ஓடி ஒரு இஞ்ச் நகரலைன்னு நீங்களே எழுதிட்டீங்க. நகரவிடாம நிறுத்தினது யாரு, காத்தா?

நடுநிலை_நக்கீரன்
ஐயா, முதல்ல "பலம்"னா என்னன்னு முடிவு பண்ணலாமா? உச்சியில இருக்கிற டீமா, நடுவுல இருக்கிற எட்டாவது பத்தாவது டீமா, என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) டிராஃப்ட்ல எடுத்த ஆளுங்க எண்ணிக்கையா? டிராஃப்டை வச்சா இந்த ஏப்ரல்ல எஸ்.ஈ.சி. 79, பிக் டென் 71. ஆனா அங்க 16 டீம், இங்க 18. கோப்பையை வச்சா விடை வேற.

ஆஸ்டின்_அண்ணாச்சி
நக்கீரரே, அளவுகோல் அப்புறம். அந்த டாஸ் பேச்சு முடியட்டும்.

ஒரு யார்டுல டாஸ் ஏன் தப்புன்னு தெரியாதவங்களுக்கு: அந்தப் பந்தை வாங்கிற ரன்னர் கோட்டுக்கு நாலஞ்சு யார்டு பின்னாடி நிக்கிறான். அவன் பக்கவாட்டுல ஓடி, வளைஞ்சு, அப்புறம்தான் முன்னாடி வரணும். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எண்ட் ஸோன் ஆழம் பத்தே யார்டு. சேஃப்டி (கடைசிக் காவல் ஆள்) பின்னாடி காக்க இடமே இல்லாததால நேரா கோட்டுக்கு ஏறி வருவான். ஓரத்துல ஒருத்தன் பிளாக்கை மீறினாலும் ஆட்டம் காலி, மிஞ்சுறது நஷ்டம் மட்டும்தான். க்வார்ட்டர்பேக் ஸ்னீக்னா, அதாவது அவரே பந்தோட நேரா முட்டினா, மோசமா போனாலும் அதே இடத்துல நிப்பீங்க. அதுவும் எங்க ரெண்டாவது க்வார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங் மாதிரி ஆள் பெஞ்சுல இருக்கும்போது! ஏ அண்ட் எம்முக்கு எதிரா நாலாம் டவுன்ல அவன் ஓடி டச்டவுனே போட்டான். ஆகவே இது அழைப்புத் தப்பு. ஓஹயோ பலம் இல்ல.

டஸ்கலூசா_தனா
எஸ்.ஈ.சி.ன்னா டெக்சஸாம்! 2024 ஜூலை 1-ம் தேதி உள்ள வந்தவங்க "எங்க கான்ஃபரன்ஸ்"னு பேசறாங்க. 2006-லிருந்து 2012 வரைக்கும் வரிசையா ஏழு கோப்பை வந்தப்ப அண்ணாச்சி எந்தக் கான்ஃபரன்ஸ்ல இருந்தார்னு கேளுங்க.

ஆஸ்டின்_அண்ணாச்சி
அந்த ஏழுல மூணு உங்க அலபாமாவோடது, ஒத்துக்கிறேன். வாண்டர்பில்ட் கிட்ட 40-35ன்னு வாங்கிக் கட்டினதும் உங்களது. அவங்க கோல்போஸ்டைப் பிடுங்கித் தூக்கிட்டுப் போய் கம்பர்லாந்து ஆத்துல போட்டாங்களே, அந்த ஊர்வலத்துக்கு நீங்க போகலையா?

டஸ்கலூசா_தனா
ஜார்ஜியா கிட்ட ஒரே சீசன்ல ரெண்டு தடவை தோத்தவர் பேசக் கூடாது.

கொலம்பஸ்_குமரன்
குடும்பச் சண்டையை உள்ள வச்சுக்கங்கப்பா. கேள்விக்கு வாங்க. எஸ்.ஈ.சி. கான்ஃபரன்ஸுக்குள்ள இந்த வருஷம் ஆடறது எட்டு மேட்ச், நாங்க ஒன்பது. போன நவம்பர் நடுவுல அலபாமா சின்ன டீம் மெர்சரைக் கூப்பிட்டு 52-7. அடுத்த வாரம் டென்னஸி யூடெப்பை 56-0. நாங்க அந்த வாரம் இண்டியானா கூட முட்டிக்கிட்டிருந்தோம். 16 டீமுக்கு ஒன்பதாவது மேட்ச் இல்லேன்னா மொத்தத்துல எட்டு மேட்ச் குறையும், அதாவது எட்டுத் தோல்வி குறையும். அந்த எட்டு தோல்வி இல்லாததாலதான் பட்டியல்ல பத்து டீம். கணக்கு அவ்வளவுதான்.

நடுநிலை_நக்கீரன்
ஒரு திருத்தம். உங்க பிக் டென்ல பென் ஸ்டேட் இந்த வருஷம் கான்ஃபரன்ஸுக்கு வெளியில ஆடறது நெவாடா, எஃப்.ஐ.யூ., வில்லனோவான்னு லேசான டீம்களோட. அவங்களும் பட்டியல்ல ரெண்டாம் இடம். குற்றம் குற்றமே.

கொலம்பஸ்_குமரன்
பென் ஸ்டேட்டை யாரு இழுத்தா? அவங்க கோச் ஃபிராங்க்ளின் எங்க கிட்ட ஒரு வெற்றி, பத்துத் தோல்வி. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

ஆஸ்டின்_அண்ணாச்சி
எட்டு, ஒன்பதுன்னு பேச்சை மாத்தறார் பாருங்க. 30-ம் தேதி கொலம்பஸ்ல மதியம் 12 மணிக்கு நேரா மோதறோம், அதனால ஆளைப் பார்ப்போம். உங்க டிஃபென்சிவ் லைன்ல சாயர், டுயிமோலோவ், டைலீக் வில்லியம்ஸ், ஹாமில்டன், நாலு பேரும் போயாச்சு. ரன்னர்கள் ஜட்கின்ஸ், ஹெண்டர்சன் போயாச்சு. க்வார்ட்டர்பேக் ஹவர்ட் போயாச்சு. மொத்தம் 14 பேர் டிராஃப்ட்ல. டிஃபென்ஸ் கோச் நோல்ஸ் பென் ஸ்டேட்டுக்கே போயிட்டார். அங்க இப்ப மேட் பட்ரீசியா. க்வார்ட்டர்பேக் ஜூலியன் சயின்னு நேத்துதான் சொன்னாங்க, இதுவரை ஒரு மேட்ச் கூட ஸ்டார்ட் பண்ணாத பையன். மிச்சம் இருக்கிறது சேஃப்டி கேலப் டவுன்ஸும் பந்தைப் பிடிக்கிற ஜெரமையா ஸ்மித்தும். அந்த ஸ்மித்தை அன்னிக்கு எங்க பசங்க எத்தனை கேட்சுல நிறுத்தினாங்க? ஒண்ணு. மூணு யார்டு.

டஸ்கலூசா_தனா
டவுன்ஸ் எங்க பையன். 2023-ல டஸ்கலூசாவுல ஆடினவன். எங்க கோச் சேபன் ரிடயர் ஆகலேன்னா அங்கேயே இருந்திருப்பான். ஓஹயோ கோப்பையில பாதி அலபாமா முதலீடு.

கொலம்பஸ்_குமரன்
ஸ்மித்தை ரெண்டு பேர் வச்சு மூடினீங்க சரி, அதனால திறந்த இடத்துல என்ன நடந்துச்சு? முதல் பாதி முடிய அரை நிமிஷம் இருக்கும்போது 7-7 ஆக்கினீங்க. அடுத்த ப்ளே ஸ்க்ரீன் பாஸ் (பக்கத்துலயே போடற சின்ன பாஸ்), ஹெண்டர்சன் 75 யார்டு. அதுக்கும் ப்ளே ஷீட் மேல பழி போடுவீங்களா?

க்வார்ட்டர்பேக்கைக் காக்கற உங்க லைனைச் சொல்லுங்களேன். பேங்க்ஸ் போயாச்சு, கேமரன் வில்லியம்ஸ் போயாச்சு, கானர், மேஜர்ஸ் போயாச்சு. அஞ்சு பேர்ல கேம்ப்பெல் ஒருத்தர்தான் மிச்சம். நடு டிஃபென்ஸ்ல காலின்ஸ், பிராட்டன் ரெண்டு பேரும் இல்ல. லைன் ஆளுங்க தனித்தனியா எவ்வளவு பலமா இருந்தாலும், ஸ்டண்ட் (எதிரி ஆளுங்க இடம் மாறிப் பாயறது) வந்தா யாரை யார்கிட்ட கைமாத்தறதுன்னு கூட ஆடி ஆடித்தான் வரும். நூறாயிரம் பேர் கத்தற ஸ்டேடியத்துல ஸ்னாப் கவுண்ட் (பந்து எப்ப கிளம்பும்னு கத்தற குரல்) காதுல விழாது, சைலண்ட் கவுண்ட்ல, சைகை பார்த்து ஆடணும். டாக்கிள் (லைன் ஓரத்து ஆள்) அரை நொடி லேட்டா எழுந்தாலே போதும். அங்க கொண்டு வந்து ஆர்ச்சை நிறுத்தறீங்க.

ஆஸ்டின்_அண்ணாச்சி
டாக்கிள்ல ட்ரெவர் கூஸ்பி. எஸ்.ஈ.சி. ஃபைனல்ல பேங்க்ஸ் இடத்துல ஜார்ஜியாவுக்கு எதிரா ஆடினவர். புதுசு இல்ல. எங்க டிஃபென்ஸ்ல காலின் சிம்மன்ஸ், அந்தோணி ஹில், டாஃப். உங்க சயின் முதல் மேட்ச்லயே சிம்மன்ஸைப் பார்க்கணும். பாவம்.

பாருங்க, கடைசியில லைனுக்குத்தான் வந்து நிக்கறீங்க. அதைத்தானே நானும் சொல்றேன்? அன்னிக்கு ஒரு யார்டு தூரத்துல...

கொலம்பஸ்_குமரன்
ஆரம்பிச்சுட்டார்.

நடுநிலை_நக்கீரன்
இந்த இழையில "ஒரு யார்டு" இதுவரை எத்தனை தடவைன்னு யாராவது எண்ணுங்க. "பலம்னா என்ன"ன்னு நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.

டஸ்கலூசா_தனா
பலம்னா ஏழு கோப்பை.

ஆஸ்டின்_அண்ணாச்சி
தனா, உங்க அலபாமா ஓக்லஹோமா கிட்ட தோத்தது 24-3. டச்டவுனே இல்ல. ஞாபகப்படுத்தறேன், அவ்வளவுதான்.

குமரனுக்கு: போன சீசன் சொந்த மைதானத்துல, அப்ப பட்டியல்லயே இல்லாத மிச்சிகன் கிட்ட தோத்தீங்க, 13-10. தொடர்ந்து நாலாவது தோல்வி. எங்க பத்து டீமை எண்ண வந்தவர் இதை முதல்ல எண்ணட்டும்.

கொலம்பஸ்_குமரன்
அந்தத் தோல்விக்கு அப்புறம் வரிசையா நாலு ஜெயிச்சு கோப்பை வாங்கினோம். நாலுல ரெண்டு உங்க கான்ஃபரன்ஸ் டீம். வேற ஏதாவது?

ஆஸ்டின்_அண்ணாச்சி
இருக்கு. ரெண்டாம் டவுன்ல ஸ்னீக் கூப்பிட்டிருந்தா நிறுத்தியிருப்பீங்களா? ஆமாவா இல்லையா? வேற எதுவும் வேண்டாம்.

கொலம்பஸ்_குமரன்
முதல் டவுன்ல நிறுத்தினோமே.

ஆஸ்டின்_அண்ணாச்சி
அது ஸ்னீக் இல்ல. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.